ஹைட் டீச்சர் என்று சொல்லாதீர்கள்

பூக்காரம்மாதான் முதலில் சொன்னாள். வாசலில் உட்கார்ந்து பானுவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்த கூடையை இறக்காமலே, "உங்க இஸ்கோல்ல இருந்தாங்களே, ஹைட் டீச்சர், அவுங்க போயிட்டாங்களாமா. ஐயம்பேட்டையில அதான் பேச்சாக்கீது," என்றாள்.

"யாரு?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. பெயரைச் சொல்லட்டும் என்று கேட்டேன்.

"அதாம்மா, ஒசரமா இருப்பாங்களே..." என்று கையைத் தன் தலைக்கு மேலே எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக் காட்டினாள். மல்லிகைச் சரம் ஒன்று அந்தக் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கெட்டவள் இல்லை. டீச்சரிடம் பணம் கேட்காமல் பூக் கொடுத்தவள். ஆனாலும் செத்துப்போன ஒரு மனுஷியை எனக்கு அடையாளம் காட்ட அவளுக்கு அந்தக் கைதான் உதவியது. பெயர் உதவவில்லை.

அவர் பெயர் ஜெயமணி. நம் பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்வதற்கு வெகு முன்பிருந்தே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். இந்தப் பள்ளி மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது அவர் சிவப்பு மையில் எழுதிய வரி ஒன்று நினைவிருக்கும். அவரைப் பற்றி எழுதித் தரும்படி தலைமையாசிரியை என்னிடம் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. சின்னப் பிள்ளை இருக்கிறான், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் அருவருப்பு வந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அழகாக நாலு வார்த்தை எழுத என்னால் ஆகவில்லை. அடக்காமலே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் ஆசிரியர் குழுவின் விருப்பம்.

இரங்கல் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பேச வந்த பெரியவர் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "ஜெயமணி அம்மையார் உருவத்தில் மட்டுமல்ல, உள்ளத்திலும் உயர்ந்தவர்," என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அது அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. அடுத்து வந்தவர் "எட்டாத உயரம்" என்றார். அதற்கடுத்தவர் "வானளாவிய" என்றார். வரிசையாக எல்லோரும் அந்த ஒரு கயிற்றையே பிடித்து இழுத்தார்கள். அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போகும் தைரியம் அன்று வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பள்ளியில் குழுப்படம் எடுத்தார்கள். ஆசிரியைகள் எல்லோரும் புதுப் பட்டு உடுத்தி வந்திருந்தார்கள். புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "பின்னாடி இருக்குற மேடம், கொஞ்சம் குனிங்க," என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெயமணி டீச்சர் குனியவில்லை.

"நான் குனிஞ்சா படத்துல கூனிதான் வருவா. அது நான் இல்லியே. நீங்க ஸ்டூல் மேல ஏறுங்களேன்பா," என்றார்.

புகைப்படக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூல் தேடிப் போனார். டீச்சர் கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் வேடிக்கைக்கும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அவர் ஐயம்பேட்டைக்காரர். அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். இவர் சர்ச்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, விடாமல் படித்து வந்தவர். இங்கிலீஷ் சொற்களைப் பற்றி அவருக்கு ஒரு தனிப் பார்வை உண்டு. அகராதியில் இருக்கிற அர்த்தம் வேறு, நம் தெருவில் அது செய்கிற வேலை வேறு என்பார். ஒருநாள் 'ஹைட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்.

"கோபுரத்துக்கு என்னா சொல்றோம்? உசரம். தென்னேரி ஏரிக்கு? ஆழம். பொடவைக்கு நீளம். பொண்ணுக்கு மட்டும் ஹைட். பள்ளிக்கூட வாசல மிதிக்காதவங்க கூட அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைய சுத்தமா சொல்றாங்க. ஏன் தெரியுமா வசந்தா? ஒரு பொண்ண எதுக்க நிக்க வெச்சி, நீ நெட்டைன்னு தமிழ்ல சொன்னா சொல்றவங்களுக்கே நாக்கு கூசும். ஹைட்டுன்னா கூசாது. டாக்டர் சொல்ற மாதிரி இருக்குது."

அவர் சொன்ன பிறகு காதில் விழ ஆரம்பித்தது. கல்யாண வீட்டில், பேருந்தில், கோயில் பிராகாரத்தில். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, ஹைட்டுதான் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். மீதியைச் சொல்லவே மாட்டார்கள். கேட்பவரும் புரிந்தது போலத் தலையாட்டுவார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு என்றுதான் பொருள். நல்லதா கெட்டதா என்பது அதில் இல்லை. நம் ஊரில் அது ஒரு வியாதியின் பெயர்.

அவர் வகுப்பில் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, வாக்கியத்தில் அமைக்கச் சொன்னதும் அந்த நாட்களில்தான். விடைத்தாள்களை ஓய்வறையில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு பெண்கூட மலையைப் பற்றி எழுதவில்லை. இவ்வளவு கோபுரங்களுக்கு நடுவே வளர்கிறவர்கள், ஒரு கோபுரத்தைப் பற்றிக்கூட எழுதவில்லை. மாப்பிள்ளைக்கு ஹைட் வேண்டும், மணப்பெண்ணுக்கு ஹைட் கூடாது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. ஒருத்தி, "என் அக்காவுக்கு ஹைட் இருக்கிறது, ஆகையால் என் அப்பா அழுகிறார்" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில், "அப்பாவை அழுகையை நிறுத்தச் சொல்" என்று எழுதியிருந்தார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கமா. குமட்டுது," என்றார். அந்தச் சொல்லை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு எனக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.

அவரைப் பெண் பார்த்த கதையை அவரே சொல்லித்தான் கேட்டேன். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம். மாப்பிள்ளையும் ஆசிரியர்தான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார் மாப்பிள்ளையின் அம்மா. நின்றார்கள். அந்த அம்மா மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "ஏப்பா, நீ போயி செருப்ப மாட்டிக்கினு வா. பொண்ணு வெறுங்கால்ல நிக்கட்டும்," என்றாராம்.

"வீட்டுக்குள்ள, பாஸ்டர் ஐயா எதுக்க, அந்த மனுஷன் செருப்பு போட்டுக்கினு வந்து நின்னான். அப்பவும் பத்தல. மெதுவா குதிகால தூக்கினான். என் கையில காபித் தட்டு. சிரிச்சா கொட்டிடும்னு பல்லக் கடிச்சிக்கினு நின்னேன். பாவம்மா அவன். ஆடிக்கினே நின்னான்."

மாப்பிள்ளையின் அம்மா போகும்போது, "எல்லாம் இருக்குது பொண்ணுக்கு. ஹைட்டும் இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஓய்வறையில் எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். டீச்சர் டிபன் பாத்திரத்தை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதன் பிறகு யார் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். "உக்காந்து பேசறவன் வந்தா வரட்டும்னேன். ஒருத்தனும் வரல." அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொன்னார்.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஜெயமணி டீச்சரைப் பற்றி எழுதினால் அது இரங்கல் கூட்டப் பேச்சாகிவிடும்.

என் பெண் பானு வயதுக்கு மீறிய உயரம். அப்போது நம் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, பிரார்த்தனை வரிசையில் கடைசியில் நின்றவள். அவளுக்குக் கவுன் தைத்தால் அடுத்த பண்டிகைக்கு முழங்காலுக்கு மேலே போய்விடும். எனக்கு அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கணவரை இழந்து எங்களோடுதான் இருக்கிறார். சமையலறை அவர் பொறுப்பு. இரண்டாம் பிரசவத்துக்காக நான் தென்னேரியில் அம்மா வீட்டுக்குப் போனபோது, படிப்பு கெடக்கூடாது என்று பானுவை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். பையன் பிறந்தான். நான் திரும்பி வந்தபோது பானுவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அம்மாவ நெனச்சி ஏங்கிப்போச்சு," என்றார் அண்ணி. நம்பினேன்.

வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், பானு கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் பக்கத்திலிருந்து பார்த்தேன். அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, குழந்தையின் இடுப்புக்கு நேராக நிதானமாகக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். மறுபடியும் தாண்டினார். மறுபடியும் கொல்லை வழியாகப் போனார்.

படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது, தவறித் தாண்டிவிட்டால் உடனே திரும்பித் தாண்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. என் அம்மா எத்தனையோ தடவை பதறிப்போய் என்னைத் திரும்பித் தாண்டியிருக்கிறாள். திரும்பித் தாண்டக்கூடாது என்பதற்காகவே ஒருவர் கொல்லையைச் சுற்றிப் போவதை அன்றுதான் பார்த்தேன்.

"என்னா அண்ணி இது?" என்று கேட்டேன்.

"ஹைட் நிக்கட்டும்னுதான். உனுக்கு நல்லதுதானே செய்றேன்? படிச்ச பொண்ணு, இதெல்லாம் நம்புவியா நீ? நம்பலன்னா வுட்டுடு. நான் பாட்டுக்குத் தாண்டிக்கினு இருக்கேன்."

பி.ஏ. படித்தவள் நான். நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஆனால் அவர் உள்ளே போன பிறகு, யாரும் பார்க்காதபோது, எதிர்ப் பக்கமிருந்து என் குழந்தையை நான் தாண்டினேன். அவர் தாண்டினது எத்தனை தடவை, நான் திருப்பினது எத்தனை தடவை என்று கணக்கு இடித்தது. அன்றிலிருந்து அவள் தூங்கினால் நான் கண் மூடவில்லை. தாண்டினதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கவில்லை. காலையில் அவளுக்குச் சாப்பாடு போடுவது அண்ணி. அந்த நேரத்தில் நான் கைக்குழந்தையோடு இருப்பேன்.

அந்த மாதமே, நான் விடுப்பில் இருக்கும்போது, பானு பிரார்த்தனை வரிசையில் மயங்கி விழுந்தாள். தூக்கியது ஜெயமணி டீச்சர். ஓய்வறையில் படுக்கவைத்து, முகம் துடைத்து, தன் டிபன் பாத்திரத்திலிருந்து அவித்த முட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். பசியில் எச்சில் விழுங்கிக்கொண்டே திருப்பிக்கொண்டதாம்.

"வேணாம் டீச்சர். முட்டை துன்னா ஹைட் வந்துடும். அத்தை சொல்லிச்சு. பாலு கூட தம்பிக்கு மட்டும்தான்னு சொல்லிச்சு. அவன் ஆம்பள, வளரலாம். நான் நிக்கணும்."

ஏழு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு ஆங்கிலத்தில் அப்போது 'கேட்', 'மேட்' தான் தெரியும். ஆனால் ஹைட் என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. எந்த அகராதியும் பார்க்காமல் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததில்லை. வாசல் நிலைக்குத் தலையைக் குனிந்து நுழைந்தார். "எல்லா வீட்டு நிலையும் என்னைக் கும்புடு போட வெச்சிதான் உள்ள வுடுது," என்று சிரித்தார். அண்ணி காபி கொண்டுவந்தார். எனக்கு எவர்சில்வர் டம்ளரில். டீச்சருக்கு மாடத்தில் தனியாக வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில். டீச்சர் இரண்டு டம்ளரையும் பார்த்தார். எடுத்துக் குடித்தார். அன்று அவர் வந்தது வேறு காரியத்துக்கு.

நடந்ததை என்னிடம் சொன்னார். பிறகு அண்ணியிடம் திரும்பினார்.

"ஏம்மா, கொழந்தைக்கு முட்டை கூடாதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றார் அண்ணி. மறைக்கவில்லை. "இப்பவே கடைசில நிக்குது. நாளைக்கு வயசுக்கு வந்தா? யாரு கட்டிக்கினு போவான்? எதுவும் தெரியாத மாரி கேக்குறீங்களே டீச்சர். உங்களையே யாரு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"முடிங்கமா. என்னையும் யாரும் கட்டல. நெசம்தானே," என்றார் டீச்சர். "எங்க வூட்லயும் என்னைத் தாண்டாதவங்க கெடையாது. எங்கம்மா, சித்தி, பக்கத்து வூட்டுக்காரங்க, எல்லாரும். அது பலிக்கலன்னு சோத்துல கை வெச்சாங்க. ஹைட் நிக்கல. ரத்தம்தான் நின்னுபோச்சு. இங்க பாருங்க." கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை. வெந்த அரிசி மாதிரி வெளுத்திருந்தது. அவரோடு அவ்வளவு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவள், அன்றுதான் அதைப் பார்த்தேன்.

"நீங்க கொழந்தைய எங்க தாண்டுவீங்க?"

அண்ணி யோசிக்காமல் சமையலறைக்குப் போகும் இடத்தைக் காட்டினார். டீச்சர் எழுந்து போனார். கைப்பையைச் சுவரோரம் வைத்தார். புடவையைக் காலோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். இந்தச் சுவரில் தலை, அந்தச் சுவரில் கால். எங்கள் கூடம் அங்கே குறுகல். நடுவில் ஒரு பாதம் வைக்க இடமில்லை.

"என்னையும் ஒரு தரம் தாண்டுங்க பாக்கலாம். இன்னும் கொஞ்சம் வளர்றதா இருந்தா நிக்கட்டும்."

"ஐயே, என்னா டீச்சர் இது! எந்திரிங்க," என்றார் அண்ணி.

"தாண்டுங்கமா."

அந்த நேரம் பார்த்து உள்ளே அடுப்பில் பால் பொங்கியது. சத்தம் முதலில் வந்தது, வாசனை பிறகு வந்தது. அண்ணி தவித்தார். இந்தப் பக்கம் வருவார், அந்தப் பக்கம் போவார். காலைத் தூக்குவார், இறக்குவார். கொல்லை வழி அவருக்குத் தோன்றவே இல்லை.

"பாலு போவுது டீச்சர்! ஒத்துங்க!"

"தாண்டிப் போயி எறக்குங்க."

"படிப்பு சொல்லிக் குடுக்கறவங்கள எப்டித் தாண்டறது? பாவம் இல்லியா?"

"பச்சக் கொழந்தயத் தாண்டலாம், பட்டினி போடலாம். அது பாவம் இல்லியா?"

பால் அடுப்பை அணைத்துவிட்டது. தீய்ந்த வாசனை வீடெல்லாம் பரவியது. அப்போது பானு சிரித்தாள். நான் தென்னேரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். கவுனைப் பிடித்துக்கொண்டு டீச்சரின் வயிற்றுக்கு மேலாக ஒரு தாவு தாவினாள். உடனே பயந்துபோய் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பித் தாவினாள்.

"திரும்பித் தாண்டிட்டேன் டீச்சர். நீங்க வளரலாம்," என்றாள்.

டீச்சர் படுத்தபடியே சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். அண்ணிக்கு நேராகப் போய் நின்றார்.

"எவ்ளோ வேணா தாண்டுங்கமா. பரவால்ல. முட்டையில கை வைக்காதீங்க." பிறகு அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், "நீங்க கொஞ்சம் நிமிருங்களேன்," என்றார்.

அண்ணிக்குக் கூன் என்றுதான் நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் நினைத்திருந்தேன். அண்ணி நிமிரவில்லை. ஆனால் நிமிர்ந்தால் தலை எங்கே இருக்கும் என்பது டீச்சர் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரை இரண்டாம் தாரமாக, அப்பா வயதுக்காரருக்குக் கொடுத்தது ஏன் என்று என் கணவரிடம் பிறகு கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹைட்தான்," என்றார்.

இது நடந்து இரண்டு மழைக்காலம் போவதற்குள் டீச்சர் போய்விட்டார். காய்ச்சல்தான். வேறு உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும், இதில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொன்னதாக அவர் தம்பி சொன்னார். சின்ன வயதில் தட்டிலிருந்து எடுத்த சோறு அவ்வளவு வருடம் கழித்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

அடக்கத்துக்கு ஐயம்பேட்டைக்குப் போனேன். பானுவையும் கூட்டிக்கொண்டு போனேன். சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. வெளியே மரப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. ஆட்கள் அதைச் சுற்றி நின்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி பத்தவில்லை. இருந்ததில் பெரியது அதுதானாம்.

"முழங்கால லேசா மடக்கினா அடங்கிடும்," என்றார் ஒருவர்.

"கடைசி வரிக்கும் ஹைட்டு தொந்தரவுதான்," என்றார் இன்னொருவர். துக்க வீட்டில் ஒரு சிரிப்பு. சின்னதுதான். பிறகு இரங்கல் கூட்டத்தில் கேட்டதும் அதே சிரிப்புதான்.

உள்ளே போய் இரண்டு பேர் அவர் காலைப் பிடித்தார்கள். நான் எதற்கும் பயப்படுகிறவள். பேருந்தில் சில்லறை கேட்கவே பயப்படுவேன். பானு என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். அவள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இதைப் பார்த்து வளரக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

"மடக்காதீங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"நேரமாவுதும்மா. கல்லறையில குழி வெட்டிக்கினு இருக்காங்க."

"ஆவட்டும். குழியையும் நீட்டி வெட்டச் சொல்லுங்க. பொட்டியில பலகை சேருங்க. அவுங்க யாருக்கும் குனிஞ்சு நின்னதில்ல. மடக்கக் கூடாது."

எல்லோரும் அவர் தம்பியைப் பார்த்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சின்ன வயசுல நானும் அக்காவ தாண்டியிருக்கேன். அம்மா தாண்டச் சொல்வாங்க. வெளையாட்டுன்னு நெனச்சேன்," என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு எழுந்து போய்த் தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் கால்மாட்டுப் பலகையைக் கழற்றி, வேறு மரத்தில் துண்டு சேர்த்து அடித்தார். சேர்த்த இடம் நிறம் வேறாக இருந்தது. வந்தவர்கள் வெயிலில் நின்று சலித்துக்கொண்டார்கள். டீச்சர் நீட்டிப் படுத்தபடி போனார்.

அவருடைய நினைவாக என்னிடம் பேனாவோ புத்தகமோ எதுவும் இல்லை. ஒரு அவித்த முட்டை இருக்கிறது. தினம் காலையில் அதை உரித்துப் பானுவின் தட்டில் வைப்பது நான். அவள் கடைசி வாய் விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பயம் எனக்குப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு எவனோ ஒருவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து இவள் பக்கத்தில் நிற்பான் என்று நினைத்தால் முட்டையை உரிப்பதைப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஆனால் அவன் வரும் நாளில் சொல்ல வேண்டியதை ஐயம்பேட்டையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

விடுமுறை நாளில் பானு கூடத்தில் டீச்சர் படுத்த அதே இடத்தில்தான் படுக்கிறாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, காலை நீட்டி, இரண்டு சுவரையும் தொட்டுவிட முயற்சி செய்கிறாள். இன்னும் எட்டவில்லை. அண்ணி தண்ணீர்க் குடத்தோடு வருகிறார். அங்கே வந்ததும் நிற்கிறார். குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு, கொல்லையைச் சுற்றிக்கொண்டு போகிறார். வரும்போதும் அதே வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்.